லாக்-அப் நடுக்கம்: திருவொற்றியூரில் ஓடும் ஓர் ஆட்டோமேட்டிக் கார்

ஆட்டோமேட்டிக் கார் ஆடம்பரம் என்பவர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கவேண்டும். கிளட்சை மிதித்தே இடது முழங்கால் போய்விடும். பழைய காராக வாங்கிய என்னுடைய ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வண்டி அந்த நெரிசலில் வருடக்கணக்காக அலுங்காமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் கருவியே இயக்கும் ஏஎம்டி வண்டிகளின் தலையாட்டல் இதில் இல்லை. மைலேஜ் குறைவு, அது தெரிந்தேதான் வாங்கினேன்.

தொல்லை வேறு இடத்தில் முளைத்தது. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட தடிப்புக் கோடுகள் மீது ஏறியதுபோல வண்டி சில நொடிகள் நடுங்கும். எங்கள் பகுதியில் எது சாலையின் நடுக்கம், எது வண்டியின் நடுக்கம் என்று பிரிப்பதே பெரும்பாடு. எனவே மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினேன். அங்கும் நடுங்கியது.

ஒரு பணிமனையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கவேண்டும் என்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கன்வெர்ட்டருக்குள் எஞ்சினோடு சுழலும் பம்ப், ஆயிலைத் தள்ளி எதிரிலுள்ள டர்பைனைச் சுழற்றுகிறது. ஆயில் வழியாகச் சக்தி போவதால் சிறிது நழுவல் இருக்கும். வேகம் சீரானதும், இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் இறுகி அந்த நழுவலைப் போக்கும். ஆயில் கெட்டால் அந்தக் கிளட்ச் பிடிப்பதும் விடுவதுமாகத் தடுமாறும்.

நடுக்கம் இதனால்தானா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. காலியான சாலையில் நடுக்கம் வரும்போது, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அப்போது லாக்-அப் விட்டுவிடும். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) சற்று ஏறும். நடுக்கமும் நின்றால் சந்தேகம் லாக்-அப் பக்கம் வலுக்கிறது. என் வண்டியில் சட்டென்று நின்றது. ஆனால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் கோளாறும் இதே வேடம் போடும் என்பதால் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியாமல் தவறுவது) கணக்கையும் பார்க்கச் சொன்னேன். அது சுத்தமாக இருந்தது. லாக்-அப் சரியாகப் பிடிக்காததைக் காட்டும் பி0741 என்ற பிழைக் குறியீடும் வரவில்லை. ஆரம்பக் கட்ட நடுக்கத்தில் குறியீடு வராமலே இருக்கலாம். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் ஸ்டால் டெஸ்ட்டை மட்டும் நான் அனுமதிக்கவில்லை. அதை ஐந்து நொடிக்கு மேல் நீட்டினால் ஆயில் கொதித்துவிடும். தவிர, அது கன்வெர்ட்டருக்குள் ஆயிலின் போக்கைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரின் கோளாற்றையும் கியர்பாக்ஸ் கிளட்சுகளின் நழுவலையும் காட்டுமே ஒழிய லாக்-அப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

வடித்த ஆயில் சிவப்பு மங்கிப் பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தது. இதை ஆயுளுக்கும் மாற்றவேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வது மணலி வெயிலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்குப் பொருந்தாது. ஒருமுறை வடித்தால் எல்லாம் வெளியே வராது; கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். ஆகவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வகை ஆயிலை ஊற்றி, ஓட்டி, மறுபடியும் வடித்து மாற்றச் செய்தேன். உடனே குணமாகவில்லை, படிப்படியாகக் குறைந்து நின்றது.

கிளட்சின் உராய்வுப் பரப்பே தேய்ந்திருந்தால் ஆயில் காப்பாற்றாது. கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டும். பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டிப் பார்க்கவேண்டும். சிக்னலில் நிற்க வரும்போது எஞ்சின் திணறி அணைந்தால், லாக்-அப் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.