7,850 டாலர் போச்சு: பாலினீசியத் தீவுகளுக்கு பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தாஹிட்டியிலிருந்து தீவு தீவாக விமானத்தில் போவதற்கு எப்படித் திட்டமிடுவது என்று திரும்பி வந்ததும் விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது எழுத வேண்டியது வேறு. 7,850 நியூசிலாந்து டாலரை வாங்கிக்கொண்டு டிராவல் ஏஜென்ட் ஒருவன் எங்களை நடுக்கடலில் விட்டுவிட்டான்.

ஆக்லாந்தில் நம்மவர்கள் ஊருக்கு டிக்கெட் எடுக்கப் போகும் சின்ன டிராவல் ஏஜென்சி வகை அது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் விடுவான், அதனால் போடவில்லை.

தாஹிட்டியில் உள்ள பப்பேட்டே நகரம் வரைக்கும் டிக்கெட்டை விமான நிறுவனத்திடம் நேரடியாகவே எடுத்திருந்தோம். உள்ளே ரங்கிரோவா, ஃபக்கராவா, நுக்கு ஹிவா, ஹிவா ஓவா. எல்லாத் தீவுக்கும் தினமும் விமானம் கிடையாது. ஒன்று தவறினால் பின்னால் உள்ளதெல்லாம் சரியும். அதைச் சரியாகக் கோத்துத் தரத்தான் இவனுக்குப் பணம்.

பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "சனிக்கிழமை ஏறினா வெள்ளிக்கிழமை ராத்திரி இறங்குவீங்க அண்ணா, தேதிக்கோட்டைத் தாண்டுறோம்ல. பென்ஷன்காரங்களுக்கு அந்தத் தேதியைத்தான் கொடுத்திருக்கேன்." (பென்ஷன் என்றால் ஓய்வூதியம் இல்லை, அங்கே சின்ன விருந்தினர் விடுதிக்கு அந்தப் பெயர்.) நுக்கு ஹிவாவும் ஹிவா ஓவாவும் உள்ள மார்க்கேசாஸ் தீவுகளில் கடிகாரம் தாஹிட்டியைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும் என்றான். நுக்கு ஹிவாவில் இறங்கினால் தைஓஹே ஊருக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வண்டி சொல்லிவிட்டேன் என்றான். எல்லாமே உண்மைத் தகவல்! இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? "கார்டுன்னா மூணு பர்சென்ட் கூட ஆகும், பேங்க்லயே போட்டுடுங்கண்ணா." அன்று சாயங்காலமே 7,850 போய்விட்டது. வண்ண வண்ணமாக ஒரு பிடிஎஃப் வந்தது, ஒவ்வொரு விமானத்துக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டோடு.

தாஹிட்டியின் ஃபாஆ விமான நிலையத்தின் உள்நாட்டு கவுன்டரில் காதில் தியாரே பூ வைத்திருந்த பெண் அந்தக் குறியீட்டைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட் போடவே இல்லை. கெடு முடிந்ததும் தானாக ரத்தாகிவிட்டது. புதிதாக வாங்கலாம் என்றால், ஹெய்வா விழா நடக்கும் ஜூலை மாதம், எழுபது பேர் போகிற ஏடிஆர் விமானம், எல்லாம் நிறைந்திருந்தது. ஃபக்கராவா பென்ஷனுக்குப் போன் செய்தால் அந்த அம்மாவுக்கு எங்கள் பெயரே தெரியவில்லை.

கடைசியில் பார்த்தது மோரேயா ஒன்றுதான், அதுவும் ஃபெர்ரியில் போய். அழகான தீவு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கா 7,850?

அங்கிருந்தே போன் போட்டேன். முதலில் "சிஸ்டம் அப்டேட் ஆகலை அண்ணா." அப்புறம் "ஏர்லைன்ஸ் தப்பு, அவங்களைக் கேளுங்க." ஊர் திரும்பிய பிறகு "சப்ளையர் ரீஃபண்ட் போட்டதும் தர்றோம்." நேரில் போனால் முதலாளி ஊரில் இல்லையாம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வவுச்சர் அனுப்பினான்: 400 டாலர், அவனிடமே வாங்க வேண்டும், ஆறு மாதத்துக்குள். என்ன கொழுப்பு பாருங்கள். நான் இதுவரை அண்ணாவாக இருந்தேன், இப்போது "சார்" ஆகிவிட்டேன்.

நீளமாக எழுத மனசில்லை. ஆறு எழுத்துக் குறியீடு டிக்கெட் இல்லை; 13 இலக்க இ-டிக்கெட் எண் கேளுங்கள். அதையும் உள்நாட்டு விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், கிளம்புவதற்கு முன்பு மறுபடியும். பென்ஷனுக்கு நேரடியாக மெயில் அனுப்புங்கள், பிரெஞ்சில் இரண்டு வரி போதும். கார்டில் மட்டும் கட்டுங்கள். கூடுதல் கட்டணம் என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சின்னப் பணத் தகராறுகளை விசாரிக்கும் நியூசிலாந்தின் டிஸ்ப்யூட்ஸ் ட்ரிப்யூனலில் மனு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி பிடிஎஃப் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் கிளம்ப இருப்பவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே அந்த எண்ணைக் கேளுங்கள்.