சிப்பாய்களுக்கு பெயிண்ட் அடிக்க ஒரே பிரஷ்: நாலு வருட அனுபவம்

நாலு வருடத்துக்கு முன்னால் லண்டனிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 பிரஷ் ஒன்று வாங்கினேன், அளவு 1. இதுவரை 28 மி.மீ. உயரப் பொம்மைச் சிப்பாய்கள் 210 பேருக்கு அதில்தான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஒரு பக்கம் திப்புவின் படை, இன்னொரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள். 1791 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த சண்டையைத்தான் மேஜையில் விளையாடுகிறோம். அல்சூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட் போகும்போதெல்லாம் மிச்சமிருக்கும் கோட்டைச் சுவரையும் டெல்லி கேட்டையும் பார்த்துக்கொண்டே போகிற எனக்கு வேறு போர் தோன்றவே இல்லை.

முதலில் பிரஷ். 1866-ல் விக்டோரியா ராணிக்காகச் செய்யத் தொடங்கியது, அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர். முடி கோலின்ஸ்கி, அதாவது சைபீரியாவில் வாழும் கீரி போல ஒல்லியான ஒரு விலங்கின் வால் முடி. அதற்கு முன் நான் வைத்திருந்தது 60 ரூபாய் சிந்தெடிக் பிரஷ்கள், மூன்றே வாரத்தில் முனை கொக்கி மாதிரி வளைந்துவிடும், அப்புறம் கண்ணுக்குப் புள்ளி வைக்கப் போனால் கன்னத்தில்தான் விழும். இதில் முனை நனைந்ததும் தானாகக் கூர்ந்துகொள்கிறது, வயிற்றுப் பகுதியில் பெயிண்டும் நிறைய நிற்கிறது.

முகம் வரைய 000 மாதிரி பொடி பிரஷ் வேண்டும் என்று நினைத்து ஆரம்பத்தில் இரண்டு வாங்கினேன், வீண். அத்தனை சின்ன முனையில் நிற்கும் துளி பெயிண்ட், நம் ஃபேன் காற்றில், உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. அளவு 1 போதும், முனை கூர்மையாக இருந்தால்.

இத்தனை நாள் அது உழைத்ததற்கு எங்கள் தெருவில் சைன்போர்டு எழுதும் பெரியவர்தான் காரணம். கழுவப் போட்ட பிரஷ்ஷை டம்ளரில் நான் நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்து, "தம்பி, தண்ணியில நிக்க வைக்காதீங்க, முனை செத்துப்போயிடும், படுக்க வைங்க" என்றார். "சரிங்கண்ணே" என்று அன்றோடு மாற்றிக்கொண்டேன். அவர் காலத்தில் கீரி முடி பிரஷ்தான் உசத்தி என்பார். கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்த பிரஷ் விற்பதே குற்றம், யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பெயிண்ட் முடியின் பாதிக்கு மேல் ஏறக்கூடாது, முடியைப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் போய்க் காய்ந்தால் முடி விரிந்துவிடும். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் குளியல் சோப்பில் மெதுவாகத் தேய்த்து, விரலால் முனை சேர்த்து வைக்கிறேன்.

பிரஷ் பாதி என்றால் மீதி ஈரத் தட்டு, அதாவது பெயிண்ட் காயாமல் கலந்து வைக்கும் தட்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில் பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்ச், மேலே கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் பார்ச்மென்ட் தாள், அவ்வளவுதான். மெழுகு பூசிய தாளை வாங்கிவிட்டு முதல் வாரம் தவித்தேன், தண்ணீர் அதில் ஏறவே ஏறாது. சரியான தாள் கிடைத்ததும் சாயங்காலம் கலந்த வல்லேஹோ கம்பெனி பெயிண்ட் மறுநாள் இரவும் அப்படியே இருந்தது. பீங்கான் ஓட்டில் மார்ச் மாதம் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஜூன் தொடங்கி மழைக்காலத்தில் வேறு பிரச்சினை, மூன்று நாள் விட்டால் ஸ்பாஞ்ச் நாறுகிறது, பூஞ்சை பிடிக்கிறது. காய்ச்சி ஆறிய தண்ணீர் விடுவது, ஒரு துண்டு செப்புக் கம்பியை உள்ளே போட்டு வைப்பது, வாரம் ஒரு முறை ஸ்பாஞ்சைக் கொதிநீரில் போட்டெடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்து சரிசெய்தன.

இந்தப் படைக்கு எது கஷ்டம் என்று கேட்டால் மைசூர்க்காரர்களின் புலிச் சட்டைதான், ஊதா நிறத்தில் வரிசையாக வெள்ளை வைர வடிவப் புள்ளிகள். தட்டில் பெயிண்ட் பால் பதத்தில் நின்றால்தான் ஒவ்வொரு புள்ளியும் ஒரே தொடுதலில் விழும், ஒரு ஆளுக்கு முப்பது நாற்பது புள்ளி. மதராஸ் சிப்பாயின் சிவப்புக் கோட்டு அதைவிட எளிது, ஆனால் கருப்பு பிரைமர் (அடிப்பூச்சு) மேல் சிவப்பு மூடாது. முதலில் செம்பழுப்பு ஒரு பூச்சு, அப்புறம் சிவப்பு இரண்டு மெல்லிய பூச்சு, மடிப்புகளில் பழுப்பு அப்படியே நிழலாக நின்றுவிடும்.

ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். போன வருடம் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் பால்கனியில் 24 பேருக்கு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் அத்தனை பேர் மேலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி. ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் அப்படித்தான் ஆகும். இரண்டு மாத வேலை, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பளபளக்கும் கிளாஸ் வார்னிஷை பிரஷ்ஷால் பூசியதும் நிறம் பெரும்பாலும் திரும்பி வந்தது, அதன்மேல் மேட்டையும் பிரஷ்ஷாலேயே பூசினேன். மூன்று பேரின் முகத்தை மட்டும் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதிலிருந்து மழைக்காலத்தில் ஸ்ப்ரே கேனைத் தொடுவதில்லை.

இப்போது பிரஷ்ஷின் முனை லேசாகப் பிளக்கிறது, கண்ணுக்கு உதவாது, கோட்டுக்கும் தலைப்பாகைக்கும் நன்றாகவே போகிறது. முகங்களுக்கு அதே அளவில் இன்னொன்று வாங்கிவிட்டேன். பத்து இருபது சிப்பாய்களோடு ஆரம்பிப்பவர் சிந்தெடிக்கிலேயே ஆரம்பிக்கலாம், ஆனால் ஈரத் தட்டை முதல் நாளே செய்துவிடுங்கள்.