தாத்தா விட்டுப்போன இரட்டைக்குழல்: ஒரே துப்பாக்கியில் எல்லாம் ஆகுமா?

டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணா, ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்கப்போறேன், ரெண்டாவதுக்கு வீட்டுல ஒத்துக்க மாட்டா. புறாவுக்கும் ஆகணும், மானுக்கும் ஆகணும், பன்னிக்கும் ஆகணும். எதை வாங்கட்டும்?" அவனுக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. அப்புறம் பேச்சு என் பீரோவில் இருப்பதன் பக்கம் திரும்பி ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். சாமான் இதுதான்: பர்மிங்காமில் செய்த 12 போர் இரட்டைக்குழல், 28 அங்குலக் குழல், வெளியே குதிரை (தோட்டாவைத் தட்டும் சுத்தி) தெரியாத ரகம், தாத்தா வாங்கியது. அப்பாவுக்கு 70 வயது தாண்டியதும் வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாறியது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு எங்கள் வீட்டில் அந்தக் கதை முடிந்தது. காட்டுக்கோழி, கேளையாடு, பன்றி என்று தாத்தா சுட்டதெல்லாம் அதற்கு முந்தைய காலம், அதுவும் அப்பா வாயால் கேட்டதுதான். நான் சுடுவது ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், காகிதத்தை. ஆனால் ஒரு துப்பாக்கி எதற்கெல்லாம் ஆகும் என்று தெரிந்துகொள்ள உயிர் எதையும் கொல்ல வேண்டியதில்லை, ஒரு சார்ட் பேப்பரும் பென்சிலும் போதும்.

12 போர் என்பது அளவு இல்லை, எண்ணிக்கை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் வாய், சுமார் 18.5 மில்லிமீட்டர். உள்ளே வரியோட்டம் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரி) இல்லாத வழவழப்பான குழல், அதனால் ஒற்றைக் குண்டும் போகும், கடுகு மாதிரிப் பொடி ரவையும் போகும். சேதி இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி மாறுவதில்லை, தோட்டா மாறுகிறது. ஆங்கிலேயர் கணக்கில் 4-ம் நம்பர் ரவை ஒரு அவுன்சுக்கு 170 வரும், பறவைக்கு. எஸ்.ஜி. என்றால் அவுன்சுக்கு 8, எல்.ஜி. என்றால் 6, ஒவ்வொன்றும் சுண்டைக்காய் பருமன், அது பன்றிக்கு. தாத்தா கால்சட்டையின் வலது பையில் 4-ம் நம்பரும் இடது பையில் எல்.ஜி.யும் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாராம். ஒருநாளும் பை மாறியதில்லை என்று அப்பா சத்தியம் செய்வார், நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்த மனுஷர் மூக்குக்கண்ணாடியைக்கூட ஒரே இடத்தில்தான் வைப்பார்.

இன்னொரு விஷயம், இரண்டு குழலும் ஒரே மாதிரி இல்லை. வலது குழலின் நுனி கொஞ்சம் அகலம், இடது குழலின் நுனி நன்றாக இறுக்கம், இதைச் சோக் என்பார்கள். அகல நுனியில் ரவை சீக்கிரம் விரியும், கிட்டத்துக்கு அது சரி, இறுக்கமான நுனி ரவையைக் கொஞ்ச தூரம் கட்டியே கொண்டுபோகும். இரண்டுக்கும் தனித்தனி விசை. முன் விசையை இழுத்தால் வலது, பின் விசையை இழுத்தால் இடது. எதிரே என்ன வருகிறது என்று பார்த்த பிறகு விரலை நகர்த்தினால் போதும், முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கி எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் இந்தச் சௌகரியம் அதில் கிடையாது.

சரி, சோதனைக்கு வருகிறேன். சேலத்துக்கு வெளியே ஒரு ரேஞ்சில் அனுமதி வாங்கி, 40 கெஜம் டேப் பிடித்து அளந்து, இரண்டு சார்ட் பேப்பரைச் சேர்த்து ஒட்டி நிறுத்தினேன். சுட்ட பிறகு ரவை எங்கே அதிகமாக விழுந்திருக்கிறதோ அதை நடுவாக வைத்து, நூலும் பென்சிலும் கொண்டு 30 அங்குல வட்டம் போட்டு உள்ளே இருக்கும் ஓட்டைகளை எண்ண வேண்டும். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, துப்பாக்கி செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்யும் கணக்கு. முழுச் சோக் குழல் என்றால் மொத்த ரவையில் 70 சதவீதம் அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும், சோக்கே இல்லாத குழலில் 40 சதவீதம் விழுந்தால் சரி. என் 4-ம் நம்பர் தோட்டாவில் சுமார் 180 ரவை. வலது குழலில் 94 உள்ளே. இடது குழலில் 121. கிழவனுக்கு இந்த வயதில் இது நல்ல மார்க்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் இடது குழல் சுட்ட காகிதத்தில் மேல்பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டைகூட இல்லை. அங்கே ஒரு காட்டுக்கோழி இருந்திருந்தால் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சாவகாசமாகப் போயிருக்கும்.

எல்.ஜி. கதைதான் எனக்குப் பாடம். 25 கெஜத்தில் ஆறும் உள்ளே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள். அதையே 40 கெஜத்தில் சுட்டால் வட்டத்துக்குள் மூன்று, ஒன்று ஓரத்தைக் கிழித்தது, இரண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. "எல்.ஜி. போட்டா அறுபது எழுபது கெஜம் அடிக்கும்" என்று கடைத் திண்ணையில் பேசுகிறவர்களை இந்தக் காகிதத்தின் முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது. அடிக்கத்தான் அடிக்கும், எதை என்பதுதான் கேள்வி. ஒற்றை ரவை வயிற்றில் பட்டு ஓடும் பன்றி எங்கேயாவது புதரில் கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். 30 கெஜத்துக்கு மேல் பெரிய விலங்குக்கு இந்தத் துப்பாக்கி ஆகாது, அவ்வளவுதான்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, பழைய சாமானை விற்கிறவர் யாரும் இதைச் சொல்வதில்லை. குழலைக் கழற்றித் தட்டையான அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என்னுடையதில் பர்மிங்காம் சோதனைச்சாலையின் கிரீட முத்திரைக்குப் பக்கத்தில் 2½ என்று பொடியாக வெட்டியிருக்கிறது. தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர். வினை என்னவென்றால் 70-ம் அதற்குள் அழகாக உட்கார்ந்துவிடும். ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். ஒருமுறை தாங்கலாம், பத்துமுறை தாங்கலாம். கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிற பொருளை வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

குறைகள்? இருக்கின்றன. தாத்தா குள்ளம், தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை அவர் கைக்குத் தகுந்தபடி அறுத்தது, எனக்கு ஒரு அங்குலம் குறைகிறது, அதனால் சுடும்போதெல்லாம் என் கட்டைவிரல் முட்டி மூக்கில் இடிக்கும். பத்து ரவுண்டு சுட்டால் மறுநாள் தோள்பட்டையில் கத்தரிக்காய் நிறம். குறி பார்க்க நுனியில் ஒரு பித்தளைப் பொட்டு, வேறு ஒன்றும் கிடையாது. ஏற்காட்டு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி போடாவிட்டால் துருப் பூக்கும். ஒருமுறை தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் முள் தேய்ந்துபோய் பழுது பார்க்கக் கொடுத்தேன், மூன்று வாரம் என்றவர் மூன்று மாதம் ஆக்கினார், திரும்பி வந்தபோது விசை முன்பைவிடக் கனமாக இருந்தது. "புதுசுன்னா அப்படித்தான் சார்" என்றார். பழுது பார்த்தது புதிதாக எப்படி ஆகும் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ரேஞ்சில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டிக் என்று சத்தம், அவ்வளவுதான். உடனே திறந்து பார்க்கக் கை பரபரக்கும், திறக்கக் கூடாது. மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம். குழலைக் குறிப்பலகைப் பக்கமே வைத்துக்கொண்டு மனசுக்குள் முப்பது எண்ணினேன், பக்கத்தில் நின்ற பையன் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தான். தப்பு என்னுடையதுதான், இரண்டு மழைக்காலம் அந்தப் பெட்டியை சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன்.

ரைபிள் வாங்கலாமே என்று கேட்பார்கள். இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 நம் ஊரில் லைசென்ஸுக்குக் கிடைக்கும் ரைபிள், நல்ல கட்டுமானம், தூரம் போகும். ஆனால் அந்தத் தூரம்தான் எனக்குப் பயம். எங்கள் சரிவுக்குக் கீழே பாதை, பாதைக்குக் கீழே கூலியாட்கள் குடியிருப்பு, அதற்கும் கீழே யாரோ ஒருவர் தோட்டம். ரைபிள் குண்டு தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். பொடி ரவை 250 மீட்டருக்குள் மழைத்துளி மாதிரி உதிர்ந்துவிடும். மலைக்காட்டுக்கு எது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தம்பிக்குச் சொன்னது வேறு. அந்த ஊரில் .30-06 ரைபிளைத்தான் எல்லாரும் முதலில் காட்டுவார்கள், 150 கிரெய்ன் (குண்டின் எடைக் கணக்கு) முதல் 220 கிரெய்ன் வரை குண்டு கிடைக்கும், சாதாரண மானிலிருந்து எல்க் என்ற பெரிய மான் வரை பேசும். ஆனால் பறக்கிற புறாவை அதில் சுட முடியாது. அதனால் 12 போர் பம்ப், ரெமிங்டன் 870 மாதிரி ஒன்று, கூடவே இரண்டு குழல்: நீளமான குழல் புறாவுக்கு, வரியோட்டம் போட்ட குட்டைக் குழல் ஒற்றைக் குண்டுக்கு. குட்டைக் குழலில் 100 மீட்டரில் மான் தாராளமாக ஆகும். புறாவுக்குப் போகும்போது மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி உள்ளே கட்டை செருக வேண்டும், அது அங்கே சட்டம். ஆப்பிரிக்கக் காட்டெருமை என்று கனவு கண்டானானால் .375 ரைபிள் வேண்டும், அந்தக் கனவுக்குப் பணம் நான் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். உண்மையில் என் மனசில் இருப்பது ஜெர்மன்காரர்களின் ட்ரில்லிங், மேலே இரண்டு ரவைக் குழல், கீழே ஒரு ரைபிள் குழல், மூன்றும் ஒரே கட்டையில். விலையைப் பார்த்தால் எஸ்டேட்டில் பாதியை எழுதிக்கொடுக்க வேண்டும்.

இங்கே பன்றித் தொல்லை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் என்று ஆயுதச் சட்டத்தில் இருப்பதே குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குத்தான், அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் இந்த மாதிரித் துப்பாக்கி. லைசென்ஸ் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் அரசு போட்ட உத்தரவின்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் கூடாது. எங்கள் வேலியிலிருந்து கல்லெறிந்தால் காப்புக்காடு. காட்டெருமை வந்து மிளகுக்கொடியை மிதித்தாலும் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலில் நின்று பார்ப்பதுதான் என் வேலை.

ஐந்துக்கு நாலு தருவேன். ஒன்றைக் குறைத்தது என் மூக்குக்காக. போன தேர்தலுக்கு வழக்கம்போல ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது இடது குழலில் நகம் அளவுக்குத் துரு. இரண்டு நாளாகத் தேய்க்கிறேன், பாதி போயிருக்கிறது.