சிறிய ரிஃப்ராக்டரா, பெரிய நியூட்டோனியனா: ஆழ்வான் படங்களுக்கு எது தகும்?

நெபுலாக்கள் (விண்வெளி வாயு முகில்கள்), கேலக்ஸிகள் போன்ற தொலைதூர ஆழ்வான் இலக்குகளைப் படமெடுக்க முனைவோர் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் இதுதான்: 80 மி.மீ. விட்டமும் எஃப்/6 குவிய விகிதமும் (குவியத் தூரம் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு) கொண்ட மூவில்லை அப்போகுரோமாட்டிக் ரிஃப்ராக்டரை, அதாவது நிறப்பிழை திருத்திய வில்லைத் தொலைநோக்கியை, வாங்குவதா, 200 மி.மீ. விட்டமும் எஃப்/5 விகிதமும் கொண்ட நியூட்டோனியன் எனும் ஆடித் தொலைநோக்கியை வாங்குவதா? இரண்டையும் ஒரே கேமராவுடன், ஒரே மவுண்டில் (வானின் சுழற்சிக்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியில்) பயன்படுத்திய பிறகு நான் ரிஃப்ராக்டரை வைத்துக்கொண்டு நியூட்டோனியனைக் கைமாற்றிவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. படத்தின் தரத்தைவிட, அந்தத் தரத்தை இரவுதோறும் தக்கவைக்கத் தேவைப்படும் பராமரிப்பே என் முடிவைத் தீர்மானித்தது.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 200 மி.மீ. ஆடி 80 மி.மீ. வில்லையைவிட 6.25 மடங்கு பரப்புடையது. குழாயினுள் நின்று ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் துணை ஆடி மறைக்கும் பகுதியைக் கழித்தாலும் வேறுபாடு பெரிது. விட்டத்துக்கு விட்டம் ஒப்பிட்டால் நியூட்டோனியன் மிகவும் மலிவு. ஆடி நிறப்பிழை அற்றது. துணை ஆடியைத் தாங்கும் கம்பிகளால் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றிச் சிலுவைக் கதிர்கள் தோன்றும், அது அவரவர் ரசனைக்கு உரியது. ரிஃப்ராக்டர் இலகுவானது, எடுத்துச் செல்ல எளிது.

விட்டத்தின் பலன் கேமராவில் எப்படி வெளிப்படுகிறது என்பது சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது. ரிஃப்ராக்டரின் குவியத் தூரம் 480 மி.மீ., நியூட்டோனியனுக்கு 1000 மி.மீ. இன்று பரவலாக உள்ள 3.76 மைக்ரான் பிக்சல்களைக் கொண்டு கணக்கிட்டால், முதலாவதில் ஒரு பிக்சலுக்கு 1.6 வில்விநாடியும் (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) இரண்டாவதில் 0.78 வில்விநாடியும் கிடைக்கும். பரந்த நெபுலாவிலிருந்து ஒரு பிக்சலில் விழும் ஒளியில் நியூட்டோனியனுக்குள்ள முன்னிலை 1.44 மடங்கு மட்டுமே. மீதி ஒளி கூடுதல் பிக்சல்களில் பரவிவிடுகிறது. படத்தைச் சுருக்கினால் அந்த ஒளியைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மைதான், ஆனால் அது வானத்தின் சிறிய துண்டுக்கு மட்டுமே கிடைக்கும். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சாரில் ரிஃப்ராக்டர் ஏறத்தாழ 2.8 பாகை அகலத்தைக் காட்டும்போது நியூட்டோனியன் 1.3 பாகைதான் காட்டுகிறது. மூன்று பாகை அளவுக்கு நீளும் ஆந்த்ரோமெடா கேலக்ஸி அதில் பாதிகூட அடங்காது. மேலும், வளிமண்டலச் சலனம் விண்மீன்களை 2 முதல் 4 வில்விநாடி வரை பரப்பிவிடும் சாதாரண இரவுகளில் 0.78 வில்விநாடி என்ற நுணுக்கத்தின் பெரும்பகுதி பயன்படாமலே போகிறது.

இனி பராமரிப்புக்கு வருகிறேன். நியூட்டோனியனில் படமெடுப்பதற்கு முன் காலிமேஷன் எனப்படும் ஒளியச்சுச் சீரமைப்பைச் செய்தே ஆக வேண்டும். ஃபோகஸரில் (கேமராவைத் தாங்கிக் குவியத்தைச் சரிசெய்யும் குழலில்) செஷயர் ஐபீஸ் என்ற சீரமைப்புக் கருவியைச் செருகி உள்ளே பார்த்தால் ஃபோகஸரின் விளிம்பு, துணை ஆடியின் ஓரம், முதன்மை ஆடியின் நடுவே ஒட்டியுள்ள சிறு வளையம் ஆகிய மூன்றும் தெரியும். அவை ஒரே மையத்தில் அமைய வேண்டும். துணை ஆடியின் மூன்று சிறு திருகுகளில் ஒன்றைத் தளர்த்தினால் மற்றொன்றை இறுக்க வேண்டும், பிறகு முதன்மை ஆடியின் பின்புறத் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். இறுதியாகப் பூட்டுத் திருகுகளை முறுக்கும்போது, சரியாக வந்த வளையம் மயிரிழை விலகும். மறுபடி தொடங்க வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு இந்த மயிரிழை பொருட்டல்ல, சென்சாருக்கு அப்படியில்லை. எஃப்/5 பரவளைய ஆடியில் கோமா (ஓரத்து விண்மீன்கள் வால்முளைத்தாற்போல் நீளும் பிழை) இல்லாத கூர்மையான வட்டம் குவியத் தளத்தில் மூன்று மி.மீ.க்கும் குறைவு; ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலைவிட்டமோ 28 மி.மீ. எனவே அதைத் திருத்தும் கோமா கரெக்டர் இன்றியமையாதது, அந்தக் கரெக்டரும் ஒளியச்சு அதன் நடுவே நேராகச் சென்றால்தான் வேலை செய்யும்.

இவ்வளவும் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக இருந்தால் நான் குறையாகச் சொல்லமாட்டேன். இரவில் வெப்பநிலை இறங்க இறங்கக் குழாய் சுருங்குகிறது, ஆடி குளிர நெடுநேரம் ஆகிறது, குவியம் நகர்கிறது. இலக்கு உச்சிக்கோட்டை (வானின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டை) கடந்து தொலைநோக்கி மறுபக்கம் திரும்பும்போது கேமராவின் எடை ஃபோகஸரை எதிர்த்திசையில் இழுக்கிறது. திருப்புவதற்கு முன் நான்கு மூலைகளிலும் வட்டமாக இருந்த விண்மீன்கள், திருப்பிய பின் ஒரு மூலையில் மட்டும் நீள்கின்றன. நீண்ட குழாய் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கிறது. 0.78 வில்விநாடி அளவில் படமெடுக்கக் கைடிங் பிழையையும் (விண்மீனைப் பின்தொடர்வதில் வரும் தடுமாற்றத்தையும்) அந்த அளவுக்குள் நிறுத்த வேண்டியிருப்பதால், இத்தகைய குழாயைத் தாங்க ஈக்யூ6-ஆர் போன்ற 20 கிலோ தாங்குதிறன் கொண்ட மவுண்ட் தேவைப்படுகிறது. ரிஃப்ராக்டருக்கு அதைவிட மிக இலகுவான மவுண்டே போதும். தொலைநோக்கியில் மிச்சமான பணத்தை மவுண்ட் வாங்கிக்கொள்கிறது.

இந்த வேலைகள் அனைத்தும் தெளிந்த வானத்தின் நேரத்திலிருந்தே கழிகின்றன என்பதுதான் எனக்கு உறுத்தியது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை இருமடங்காக்க மொத்த எக்ஸ்போஷரை நான்கு மடங்காக்க வேண்டும். ஸ்டேக்கிங் செய்து, அதாவது பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மங்கலானவற்றை வெளிக்கொணரும் கலையில் சேர்த்த மணிநேரங்களே மூலதனம். ரிஃப்ராக்டரில் வில்லைகள் தொழிற்சாலையிலேயே சீரமைக்கப்பட்டு வருகின்றன. மவுண்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கிச் சரிசெய்து, குவியத்தைப் பிடித்து, இருட்டியவுடன் தொடங்கிவிடலாம். பனி படியாமல் வில்லையைச் சுற்றி ஒரு வெப்பப்பட்டையை மாட்டினால் போதும். காலாண்டுக் கணக்கில் பார்க்கையில், சிறிய கருவி எனக்குச் சேர்த்துத் தந்த பயன்படத்தக்க மணிநேரங்கள் தெளிவாக அதிகம்.

சிறிய விட்டத்தால் புதியன காண முடியாது என்ற கருத்தை அண்மை வரலாறு மறுக்கிறது. ஆந்த்ரோமெடா கேலக்ஸிக்கு அருகே 1.5 பாகை நீளத்தில் வில் வடிவில் ஒளிரும் ஆக்சிஜன் அமைப்பை மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சைன்டி ஆகிய அமெச்சூர் ஆர்வலர்கள் கண்டறிந்தனர். அக்கண்டுபிடிப்பு தொழில்முறை வானியலாளர்களுடன் இணைந்து 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டது. மூலப் படங்களை எடுத்தது 106 மி.மீ. ரிஃப்ராக்டர், தேவைப்பட்டது நூறு மணிநேரத்தைத் தாண்டிய எக்ஸ்போஷரும் ஆக்சிஜன் உமிழும் 500.7 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரும். அளவற்ற முறை படமெடுக்கப்பட்ட கேலக்ஸியின் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய அமைப்பு மறைந்திருந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. தொழில்முறையாளர்களும் இதே வழியில் சென்றிருக்கிறார்கள். பீட்டர் வான் டாக்கமும் ராபர்ட்டோ ஆபிரகாமும் உருவாக்கிய டிராகன்ஃபிளை என்ற தொலைநோக்கி அணி, கேனான் 400 மி.மீ. எஃப்/2.8 கேமரா லென்ஸ்களை வரிசையாகக் கோத்து அமைக்கப்பட்டது. ஒளிப்பாதையில் தடையற்ற லென்ஸில் சிதறொளி குறைவு என்பதே அவர்கள் சொன்ன காரணம். கோமா என்ற பெயர் கொண்ட (மேலே சொன்ன பிழையோடு தொடர்பற்ற) கேலக்ஸிக் கொத்தில் மிக மங்கலான 47 கேலக்ஸிகளை 2015இல் அது வெளிப்படுத்தியது.

நியூட்டோனியனுக்கு உரிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். எம்51 போன்ற சிறிய கேலக்ஸிகளில் சுழற்கரங்களின் முடிச்சுகளைப் பிரித்துக் காட்டுவதில் 80 மி.மீ. கருவி அதன் அருகில்கூட வர முடியாது. திடீரென நிகழ்வதைப் பிடிப்பதற்கும் பெரிய விட்டமே துணை. அர்ஜென்டினாவின் விக்டர் புசோ 2016 செப்டம்பரில் ஒரு சூப்பர்நோவாவின் (வெடிக்கும் விண்மீனின்) முதல் ஒளியைத் தம் 40 செ.மீ. நியூட்டோனியனில் பதிவுசெய்தார், வியாழனில் ஏதோவொரு பொருள் மோதிய கருந்தழும்பை ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வெஸ்லி 2009 ஜூலையில் 14.5 அங்குல நியூட்டோனியனில் கண்டார். கோள்களைப் படமெடுப்பதில் என் அனுபவம் மெலிது. அங்கே விட்டம்தான் எல்லாமே என்று அதில் ஊறியவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நிலையான தளத்தில், ஏற்கெனவே உறுதியான மவுண்டை வைத்திருந்து, கழற்றி மாட்டாமலே பயன்படுத்துவோருக்கு மேலே சொன்ன குறைகளில் பாதி மறைந்துவிடும்.

ரிஃப்ராக்டரைத் தேர்ந்தெடுத்தால் விட்டத்தைக் கூட்டுவதைவிட வில்லையின் தரத்திலும் ஃபோகஸரின் உறுதியிலும் பணத்தைப் போடுங்கள். இருவில்லைக் கருவிகளில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி நீல வளையம் எஞ்சலாம்; எஃப்பிஎல்-53 எனும் நிறச்சிதறல் குறைந்த கண்ணாடி கொண்ட நல்ல மூவில்லையில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் ஃபீல்டு ஃபிளாட்டனரைச் சேர்த்தே வாங்க வேண்டும், அதிலிருந்து சென்சார் வரையுள்ள இடைவெளியை, வழக்கமாக 55 மி.மீ., துல்லியமாக வைக்க வேண்டும். விற்கும்போது நல்ல மூவில்லைக்கு மதிப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. நியூட்டோனியனை வாங்க வருபவரோ முதலில் குனிந்து பார்ப்பது ஆடியின் அலுமினியப் பூச்சைத்தான்.