பழைய லாரிக்கு வாட்டர் பிளக்: இரும்பா, பித்தளையா?

மணலி, மாதவரம் பக்கம் ஓடும் பழைய லேலண்டு, டாடா வண்டிகளில் என்ஜின் பிளாக்கின் விலாவில் துருக்கறை வடிந்தால், முதல் சந்தேகம் வாட்டர் பிளக் மேல்தான். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை எடுக்க விட்ட ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி இது. நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் உறைந்து இதை வெளியே தள்ளப்போவதில்லை. உள்பக்கமிருந்து துரு அரித்து ஊசித்துளை விழும், அவ்வளவுதான். ஒன்று போனால் மற்றதுக்கும் அதே வயசு, செட்டாகவே மாற்றுங்கள்.

இரும்பு மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், அடி தாங்கும். பித்தளை விலை கூட. மெத்தென்று இருப்பதால் கோணலாக அடித்தால் விளிம்பு மடங்கிவிடும். இரும்பின் பெருமை இதோடு சரி. என் ஓட்டு பித்தளைக்கு.

காரணம் பிளக்கின் விலையே இல்லை, கூலி. பக்கவாட்டில் இருப்பதை ஸ்டார்ட்டரையோ மேனிஃபோல்டையோ கழற்றினால் எட்டிவிடலாம். பிளாக்கின் பின்முகத்தில் இருப்பதற்கு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்கணும். அதை இரண்டாம் முறை செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால் கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும் அன்றைக்கே, ஒழுகாவிட்டாலும் பின் பிளக்கைப் பித்தளையாக மாற்றிவிடுங்கள். பட்ஜெட் இடித்தால் பக்கத்துக்கு இரும்பு போடலாம், பின்னால் வேண்டாம். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

பித்தளையும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல. மீஞ்சூர் வரைக்கும் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய பகுதி இது. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத்தில் பஞ்சு மாதிரி துளைதுளையாக ஆகிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றி, டப்பாவில் போட்ட கெடுவுக்கு மாற்றினால்தான் கொடுத்த காசு நிற்கும். இதைச் செய்கிற வண்டியில் இரும்புகூட நெடுநாள் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். முதலில் பிளாக்கின் டிரெயின் காக்கை (தண்ணீர் வடிக்கும் திருகு) திறந்து தண்ணீரை முழுக்க வடியுங்கள். பழைய பிளக்கின் ஒரு ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும்; பிளையரால் பிடித்து இழுத்துவிடலாம். நடுவில் ஓங்கி அடித்தால் உள்ளே விழுந்து நீரோட்டத்தை மறிக்கும், சிலிண்டர் சுவரிலும் இடிக்கும். திறந்த கையோடு உள்ளே படிந்த சேற்றைக் கம்பியால் கிளறிக் கழுவுங்கள்.

ஓட்டையை எமரி தாளால் சுற்றுவாக்கில் தேய்க்கணும். நீளவாக்கில் கீறல் விழுந்தால் அந்தக் கோட்டிலேயே கசியும். வெர்னியரில் அளந்தால் கிண்ணம் மாதிரி குழிந்த பிளக் ஓட்டையைவிட 0.1 முதல் 0.3 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். கையாலேயே உள்ளே போகிற பிளக்கை சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) காப்பாற்றாது. விளிம்பைச் சுற்றி மெல்லிய பூச்சு போதும். கிண்ணத்துக்குள் கொஞ்சம் லூசாக உட்காரும் சாக்கெட்டை வைத்து நேராக அடித்து, வெளிவிளிம்பு ஓட்டையின் சரிவுக்குச் சற்றே உள்ளே போனதும் நிறுத்துங்கள். தட்டு மாதிரி குவிந்த பிளக் என்றால் முறை வேறு: குவிந்த பக்கம் வெளியே, நடுவில் ஒரு அடி, லேசாகத் தட்டையாகி விரிந்தால் போதும். முழுக்கக் குழிந்துவிட்டால் பிடிப்பு போச்சு.

ஸ்டெயின்லெஸ் பிளக் பழைய வண்டிகளில் அதிகம் புழங்காததால் அடித்துச் சொல்ல முடியாது. கடினமான தகடு என்பதால், அரித்துப்போன ஓட்டையோடு அது இணங்கிப் போகாது என்பதுதான் என் தயக்கம்.

நட்டைத் திருகினால் விரியும் ரப்பர் பிளக் வழியில் அவசரத்துக்கு மட்டும். ஆயில் பட்டால் ரப்பர் ஊதிவிடும், சூட்டில் இறுகி வெடிக்கும். நடுவழியில் துணை என்று டூல் பாக்ஸில் ஒன்று கிடக்கட்டும். ஷெட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.