சயானில் ஆறு மழைக்காலம்: அவசரப் பெட்டியில் திறப்பதற்கும் மூடுவதற்கும்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. சயான் கோலிவாடாவில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டு அக்காவிடம் போய் ஒதுங்கினோம். கையில் அள்ளிக்கொண்டு போனதில் ஒரு கிலோ ரசகுல்லா டின்னும் இருந்தது. திறக்கத்தான் ஒன்றும் இல்லை. "கத்தியக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அப்பா வாங்கிக் குத்தினார். கத்தி வழுக்கி இடது உள்ளங்கை கிழிந்துவிட்டது. மறுநாள் அந்தக் கையோடுதான் சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கி வீட்டைச் சுத்தம் செய்தார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியது. அந்தக் கிருமி உடம்புக்குள் போக ஒரு சின்ன வெட்டுக்காயம் போதும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டு வாரம் அம்மா அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2019-இல் இப்போதுள்ள அவசரப் பெட்டியைச் சேர்த்தபோது நான் முதலில் வாங்கியது டின் ஓப்பனர். நாக்தேவி தெருவில் கிடைத்தது, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மடக்கு ஓப்பனர். 1942-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய பி-38 மாதிரியின் நகல். டின்னின் விளிம்புக்குக் கீழே அதன் பள்ளத்தைக் கோத்து, மணிக்கட்டை மேலே திருப்பினால் வளைந்த பல் தகரத்தைக் குத்தி இறங்கும். கொஞ்சம் நகர்த்தி மறுபடி ஒரு குத்து. சுற்றி வர முப்பது குத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை எனக்கு நாலு நிமிடம் பிடித்தது, இப்போது ஒரு நிமிடம்தான். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்க மின்சாரம் போனதே, அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் திறந்து பழகினேன். வாங்கிப் பெட்டியில் போட்டால் மட்டும் போதாது, கை அதற்குப் பழக வேண்டும். மூடியை முழுதாக வெட்டி எடுக்காமல் ஒரு விரல் அகலம் விட்டு மடக்குங்கள். தகர விளிம்பு கத்தியைவிட மோசமாகக் கிழிக்கும்.

சக்கரம் வைத்த பெரிய ஓப்பனரும் வைத்திருக்கிறேன். வேலை சுலபம், ஆனால் அதற்கு மும்பை மழை ஆகாது. மூன்றாவது மழைக்காலத்தில் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த சர்க்கரைப்பாகு ஈரத்தை இழுத்து, சக்கரம் துருவேறி இறுகிப்போனது. இப்போது ஒவ்வொரு தடவையும் வெந்நீரும் பழைய பல் பிரஷும் போட்டுத் தேய்த்து, காய்ந்தபின் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுகிறேன். விளிம்பு நசுங்கிய டின்னில் சக்கரம் வழுக்கும். அங்கே சின்னதுதான் கைகொடுக்கும். உப்பியிருக்கும் டின்னை எதை வைத்தும் திறக்காதீர்கள், அப்படியே எறிந்துவிடுங்கள்.

திறப்பதைவிட மூடுவதுதான் எனக்கு அதிகம் பாடம் சொன்னது. ஜூலை மாதத்தில் பிரித்த அவல் பாக்கெட் இரண்டே நாளில் சவசவத்துவிடும். ரப்பர் பேண்டை ஒரு கோடை கடந்ததும் நம்ப முடியாது: பிசுபிசுத்துப் பாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அறும். பேட்டரியில் ஓடும் சின்ன சீலர் ஒன்று வாங்கி ஏமாந்தேன். ஒட்டிய கோட்டில் நடுநடுவே ஓட்டை. அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது.

கடைசியில் கைகொடுத்தது அம்மா ஊரில் வற்றல் பொட்டலம் ஒட்டும் முறைதான். பாலித்தீன் பையின் வாயை மடித்து ஸ்டீல் ஸ்கேலுக்கு அடியில் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒரு நெல் அகலம் மட்டும் வெளியே தெரிய. மெழுகுவர்த்திச் சுடரை அந்த விளிம்பு ஓரமாக நிறுத்தாமல் ஓட்டினால், பிளாஸ்டிக் உருகிச் சின்ன மணியாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் பையை அமுக்கிப் பாருங்கள், காற்று போகக் கூடாது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் உறைகளுக்கு இது சரிவராது. அவற்றை மூன்று மடிப்பு மடித்துத் துணி கிளிப் போடுகிறேன். அப்புறம் ஒன்று, இந்த ஒட்டுகிற வேலையையெல்லாம் மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். வெள்ளம் புகுந்த வீட்டில் லேசாக கேஸ் வாடை இருந்தாலும் நெருப்பு பற்ற வைக்கக் கூடாது. சிலிண்டரில் நூல் கட்டித் தொங்குகிற பிளாஸ்டிக் மூடியைப் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ரெகுலேட்டரைக் கழற்றியதும் வால்வை மூட அதுதான் வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி விஷயத்தில் மூடும் வேலையே வராதபடி செய்துவிட்டேன். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பது தவறு: உப்பும் சர்க்கரையும் அளவு மாறும், மிச்சம் கட்டிபிடிக்கும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டுகளாக வாங்கி அகல வாய் ஸ்க்ரூ மூடி டப்பாவில் போட்டிருக்கிறேன். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைப்பதில்லை. டின்னில் மிஞ்சுவதும் உடனே தூக்குச்சட்டிக்குப் போய்விடும்.

பேண்டேஜ் வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோலைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. மருந்துக் கடையில் வாங்கினேன், ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. துணி டேப்பைப் பென்சிலில் சுற்றி, நுனியை மடித்து வைத்திருக்கிறேன். நனைந்த பரப்பில் ஒட்டாது, முதலில் துடைக்க வேண்டும்.

போன மே மாதம் அம்மாவிடம் சின்ன ஓப்பனரைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். மணிக்கட்டு வலியால் ஐந்தாவது குத்திலேயே நிறுத்திவிட்டார். "எனக்கு அந்தச் சக்கரத்தையே எடுத்து வை மக்கா" என்றார். துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டு, துணியில் சுற்றிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.