ஒகாபி மடக்குக் கத்தி: பல வருஷம் புழங்கிய பிறகு

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் அலகு என்ன ஸ்டீல் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். திறந்த அலகு தானாக மூடிவிடாமல் பிடித்து நிறுத்தும் லாக் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர் குறைவு. விரலைக் காப்பது லாக்தான், ஸ்டீல் இல்லை. அந்த வகையில் நான் விடாமல் வைத்திருப்பது ஒகாபி.

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கம் இதைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஆப்பிரிக்காவில் விற்பதற்காக 1902-இல் ஜெர்மனியில் தொடங்கிய கத்தி இது. 1988 முதல் டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே, இசித்தெபெ என்ற ஊரில் தயாராகிறது. வளைந்த மரப்பிடி, அதில் பதித்த பிறையும் நட்சத்திரமும், முதுகில் தொங்கும் ஒரு சின்ன வளையம். பார்த்த உடனே அடையாளம் தெரியும்.

அந்த வளையத்தில்தான் விஷயமே இருக்கிறது. பிடியின் முதுகோடு ஒரு ஸ்பிரிங் பட்டை ஓடுகிறது, அதில் ஒரு துளை. அலகின் அடிப்பகுதியில் வரிசையாகப் பல் வெட்டியிருக்கிறார்கள். திறக்கும்போது ஒவ்வொரு பல்லும் துளையில் விழுந்து விழுந்து எழும். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் ஓடாது. மூட வேண்டுமானால் வளையத்தை இழுத்து ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, பாதி வழியில் நிற்கும் குணம். போன தைப்பூசத்துக்கு வாசலில் கட்ட வாழைமரம் வெட்டிச் சீவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வாழைப்பால், வழுக்கல். மூடும்போது வளையம் விரலை விட்டு நழுவியது. அலகு அடுத்த பல்லில் டக்கென்று நின்றுவிட்டது, விரலுக்கு வரவில்லை. முன்பு பேர் தெரியாத கம்பெனியின் லைனர் லாக் கத்தி ஒன்று வைத்திருந்தேன், பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு அலகின் அடியில் வந்து நின்று தடுக்கும் வகை. தேய்ந்த பிறகு அதன் தகடு ஒரு நாள் நழுவியது. நடுவில் நிறுத்த ஒன்றும் இல்லை, அலகு நேராக வந்து விரல் கணுவில் இறங்கியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒகாபியின் இந்தப் பல் வரிசை லாக்குக்கும் கொடுக்க வேண்டிய விலை உண்டு. ஒரே சுற்றளவில் பல பற்களை வெட்டுவதால் ஒவ்வொரு பல்லும் சிறியதாகத்தான் இருக்கும். அச்சாணியிலிருந்து 5 மில்லிமீட்டரில் ஒரு பல் இருக்கிறது, 100 மில்லிமீட்டர் தள்ளி அலகு முனையில் மூடும் திசையில் விசை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லுக்குப் போவது 20 மடங்கு. எல்லா மடக்குக் கத்திக்கும் இதே கணக்குதான், ஆனால் சின்னப் பல்லுக்கு அது ரொம்பப் பெரிய பாரம். அதனால் இதை வைத்து நெம்பவோ குத்தவோ கூடாது. இழுத்து அறுக்க மட்டும்தான். மூட இரண்டு கையும் வேண்டும். ஸ்பிரிங் எப்போதும் பல்லை அழுத்திக்கொண்டே இருப்பதால் இரண்டும் மெல்லத் தேயும்.

இதே நாட்டில் பிறந்தவர் கிறிஸ் ரீவ். 1989-இல் அமெரிக்கா போனவர், செபென்சா கத்தியைச் செய்தவர். பிடியின் டைட்டானியம் பாளத்திலேயே ஒரு பகுதியை வெட்டி லாக்காக வளைத்தார். இறுகப் பிடிக்கப் பிடிக்க லாக்கும் இறுகும். நண்பரிடம் வாங்கிக் கொஞ்ச காலம் புழங்கிப் பார்த்தேன், அருமையான வேலைப்பாடு. ஆனால் துல்லியத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்த விலைக்கு ஒகாபி கை நிறைய வாங்கலாம். பிரெஞ்சு மடக்குக் கத்தி ஒப்பினெலில் 1955-இல் வந்த, திருப்பினால் அலகைப் பூட்டும் சுழல் வளையம் எளிமையானது, கெட்டியானது. ஆனால் டர்பன் மாதிரி ஈரக்காற்றில் மரப்பிடி ஊதினால் அலகு இறுகிப்போகும், அதுதான் அதன் அமைப்பின் சிக்கல். ஒகாபியின் பிடி பிசின் ஏற்றிய மரம், அவ்வளவாக ஊதாது.

அலகு கார்பன் ஸ்டீல். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினால் கறுத்துப்போகும், கடல்காற்றில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவியே ஆக வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துப் பல்லில் அழுக்கைச் சேர்க்கும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் போதும். லாக் வெளியே திறந்திருப்பதால் குழாயடியில் காட்டினாலே உள்ளே இருப்பது எல்லாம் வந்துவிடும். சாதாரண சாணைக்கல்லில் நாலு இழுப்பு, கூர் திரும்பிவிடும். இவ்வளவு சுலபமாகக் கூர் ஏறும் அலகுக்காக நான் துருவோடு மல்லுக்கட்டத் தயார்.

கெட்ட பெயர் ஒன்றும் இதன் கூடவே வருகிறது. ரவுடிகள் வைத்திருக்கும் கத்தி என்று இங்கே பரவலாக ஒரு எண்ணம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் கோயிலில் தோரணத்துக்கு ஓலை கிழிக்க எடுத்தபோது பெரியவர் ஒருவர், "தம்பி, அத உள்ள வைப்பா, சாமி வேலைக்கு ஆகாது" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, கையிலிருந்ததை வைத்துவிட்டேன். ஆனாலும் தோட்டக்காரர்கள் தினமும் பிழைப்புக்குப் புழங்கும் கருவியை அப்படி ஒதுக்குவது எனக்கு வருத்தம்தான். 2013-ஆம் ஆண்டின் அபாய ஆயுதச் சட்டம்கூட, தவறான நோக்கம் இருப்பதாக நியாயமான சந்தேகம் எழும் சூழலில் வைத்திருப்பதைத்தான் குற்றம் என்கிறது. தோட்டத்தில் வைத்திருங்கள், கடைத்தெருவுக்குப் பையில் போட்டுப் போகாதீர்கள்.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லைனர் லாக்கும் செபென்சா வகை லாக்கும் பெரும்பாலும் வலது கட்டைவிரலுக்கென்றே செய்யப்படுகின்றன. ஒகாபியின் வளையம் நடு முதுகில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். என் மனைவி இடக்கை, கறிவேப்பிலைக் கொத்து வெட்டத் தனக்கென்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.